கருத்தடையும் காப்புறுதியும்: யாருடைய மனசாட்சிக்கு இடம்?

மலேசியாவில், கெடாவின் குருண் வட்டாரத்து அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். தாய்-சேய் நலப் பிரிவில் கருத்தடை மாத்திரை கொடுக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி போடுகிறார்கள். இதற்கு முதலாளியின் அனுமதி வேண்டாம். காப்புறுதி அட்டையும் வேண்டாம். இவ்வளவு காலமும் நாம் இதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. ஆனால் அமெரிக்காவில் இதே மாத்திரைக்கு யார் பணம் கட்டுவது, “என் சமயம் இடம் தராது, கட்டமாட்டேன்” என்று சொல்ல ஒரு முதலாளிக்கு உரிமை உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை மூன்று முறை போய் வந்தது.

அந்த வழக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2023 ஜூன் மாதம் நம் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. மருத்துவச் செலவை வரிப்பணம் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதன் பிறகு நிதி அமைச்சும் சுகாதார அமைச்சும் பேங்க் நெகாராவும் சேர்ந்து, எல்லாருக்கும் கட்டுப்படியாகும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) திட்டம் ஒன்றை வடிவமைக்கும் வேலையில் இறங்கியிருக்கின்றன. ஒரு வெள்ளி கிளினிக்கின் காலம் மெல்ல மாறி, காப்புறுதியின் காலம் தொடங்கப்போகிறது. அந்தக் காப்புறுதியில் எது உண்டு, எது இல்லை என்று எழுதும்போது கருத்தடை எந்தப் பக்கம் விழும்? அதை முடிவு செய்யும் மேசையில் யாருடைய சமயம் பேசும்?

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமய உரிமை என்பது உடலுக்குச் சொந்தக்காரியான பெண்ணுக்கு முதலில் உரியது. மருந்தை எடுப்பதா வேண்டாமா என்று தன் சமயத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர், காப்புறுதி விற்பவர், முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஆகியோரின் சமயம் அவளுக்கும் மருந்துக்கும் இடையில் வரக்கூடாது. இப்படிச் சொல்வது எளிது. எங்கெங்கே இது இடறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்க விவகாரத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இந்தக் கேள்வி முழு உருவில் எழுந்தது. 2010-இல் ஒபாமா அரசாங்கம் நிறைவேற்றிய சட்டப்படி, நோய்த்தடுப்புச் சேவைகளைத் தனிக் கட்டணம் வாங்காமல் காப்புறுதியே ஏற்க வேண்டும். 2011 ஆகஸ்டில் கருத்தடையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பகுதிக்குக் காப்புறுதி வருவது வேலை வழியாக. இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட, ஆள் பிடிக்கத் தவித்த நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கின. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. ஆகவே, கருத்தடையும் காப்புறுதியில் அடக்கம் என்று அரசாங்கம் சொன்னபோது, அந்தச் செலவு முதலாளியின் கணக்கில் போய் உட்கார்ந்தது.

கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். தேவாலயங்களுக்கு முழு விலக்கு தரப்பட்டது. சமய அமைப்புகள் நடத்தும் மருத்துவமனை, கல்லூரி போன்றவற்றுக்கு ஒரு மாற்று வழி காட்டப்பட்டது: அவை ஒரு படிவத்தில் மறுப்பைத் தெரிவித்தால் போதும், காப்புறுதி நிறுவனமே நேரடியாகப் பெண்களுக்குச் செலவை ஏற்கும். இந்தச் சலுகைகள் கிடைக்காத ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைகளின் உரிமையாளர்களான கிரீன் குடும்பத்தார் எல்லாக் கருத்தடையையும் எதிர்க்கவில்லை. நான்கு முறைகளை மட்டும், அவை கருவுற்ற முட்டையை அழிக்கக்கூடும் என்று நம்பி, மறுத்தார்கள். 2014 ஜூன் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ, மறுப்புத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க். அடுத்து, ஏழை முதியோரைப் பராமரிக்கும் ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர்’ கன்னியர், மறுப்புப் படிவத்தில் கையெழுத்திடுவதே பாவத்துக்குத் துணை போவது என்றார்கள். 2016-இல் நீதிமன்றம் முடிவு சொல்லாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. டிரம்ப் அரசாங்கம் விலக்கை விரிவாக்கியது. 2020 ஜூலையில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விரிவாக்கம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அந்தக் கன்னியரின் நம்பிக்கை பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. பிறருடைய முதுமைக்குத் தங்கள் இளமையைக் கொடுத்தவர்கள் மனசாட்சியைப் பற்றிப் பேசினால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கும் மனசாட்சி உண்டு. அவள் கன்னிகாஸ்திரீ அல்ல, சம்பளத்துக்கு உழைப்பவள். 2014 தீர்ப்பில் அலிட்டோ ஒரு வழியையும் சுட்டினார்: முதலாளியை வற்புறுத்துவதைவிட, அரசாங்கமே அந்தச் செலவை ஏற்பது சமய உரிமைக்குக் குறைவான இடைஞ்சலாக இருக்கும். அமெரிக்க நீதிபதி ஓர் உதாரண வழியாகச் சொன்னது குருண் கிளினிக்கில் நடைமுறையாகவே இருக்கிறது.

ஆனால் கெடாத் தோட்டங்களில் எப்போதுமே அப்படி இருந்ததில்லை. இங்கேயும் மருத்துவம் முதலாளியின் கையில்தான் தொடங்கியது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், தோட்ட நிர்வாகமே தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும், பிரசவித்த பெண்ணுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டமைப்பில் இல்லாத தனி மாநிலம். ஆனாலும் இங்கே ரப்பர்த் தோட்டங்களின் வாழ்க்கை ஏறத்தாழ அதே வார்ப்பில்தான் அமைந்தது. குருண், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் லயம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்ற வரிசையில் டிரெசர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளரின் அறையும் ஒன்று. 1947-இல் இதே வட்டாரத்தில், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் திரண்டபோது, அதில் பெண்களின் பங்கு பெரிது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடி வாங்கி, வருடத்துக்கொரு பிள்ளை பெற்று, விடியற்காலை பெரட்டுக்கு ஓடியவர்கள் அவர்கள்.

அந்த டிரெசர் அறையை வயதான தோட்டத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். வெளியில் ஒரு நீண்ட பெஞ்சு. உள்ளே சிவப்பு மருந்து, காய்ச்சல் மருந்து போத்தல்கள், புண் கட்டும் துணி. மூட்டு வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வருகிறவர்கள் எல்லாரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டிரெசர் நல்லவராக இருக்கலாம், பலர் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஆனால் அவர் கம்பெனியின் சம்பளக்காரர். ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பது கணவனுக்குத் தெரியுமுன் டிரெசருக்குத் தெரிந்துவிடும், டிரெசருக்குத் தெரிந்தால் கிராணிக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு லேசு வேலை கொடுப்பதா, பெயரைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது, பிரசவ உதவித்தொகை எப்போது தருவது என்பவை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். அதே அறையில் அவள் “பிள்ளை வேண்டாம், மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்டால், அது மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். மாமியார் வந்து கேட்பாள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லி வாழ்த்தியவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

முதலாளி மருத்துவத்தின் சிக்கல் இதுதான். அமெரிக்க முதலாளிக்குச் சமயம் இருந்தது. தோட்டத்து முதலாளிக்குக் கணக்கு இருந்தது. பிரசவ உதவித்தொகையும் ஆயாக் கொட்டகைச் செலவும் ஒரு பக்கம், லயத்திலேயே பிறந்து வளர்ந்து பால்மரம் வெட்டப்போகும் அடுத்த தலைமுறை இன்னொரு பக்கம். எந்தக் கணக்கு எப்போது மேலோங்கினாலும், பெண்ணின் விருப்பம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டியிருந்தது. மருத்துவம் வேலையோடு கட்டிப்போடப்பட்ட இடங்களில் எல்லாம், வேலை கொடுப்பவரின் நம்பிக்கையோ லாபமோ ஏதாவது ஒன்று பெண்ணின் வயிற்றின் மேல் கை வைக்கிறது.

அரசாங்கம் இந்தத் துறைக்குள் முறையாக வந்தது 1966-இல். குடும்பத் திட்டச் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறி, தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. தன்னார்வ அமைப்புகள் அதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியிருந்தன: சிலாங்கூரில் 1953-இல் முதல் குடும்பத் திட்டச் சங்கம், 1958-இல் மாநிலச் சங்கங்களின் கூட்டமைப்பு. வாரியத்தின் இலக்கு தெளிவானது. ஆண்டுக்கு மூன்று விழுக்காடாக இருந்த மக்கள்தொகை வளர்ச்சியை 1985-க்குள் இரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது. முதலில் நகர மருத்துவமனைகள், பிறகு எழுபதுகளில் கிராமப்புற கிளினிக்குகள் வழியாக மாத்திரை நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

சட்டம் ஒரு பக்கம் ஊக்கப்படுத்தியது, இன்னொரு பக்கம் தண்டித்தது. வேலைச் சட்டத்தின்படி, உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் பிரசவ காலச் சம்பளம் கிடைக்காது. முதலில் அந்த வரம்பு மூன்று பிள்ளைகள். பிறகு காற்று திசை மாறியது. கெடாவின் அலோர் ஸ்டாரைச் சேர்ந்த மகாதீர் பிரதமராக இருந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் மக்கள்தொகை 70 மில்லியனை எட்ட வேண்டும் என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. 1984-இல் வாரியத்தின் பெயரே தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மூன்று பிள்ளை வரம்பும் ஐந்தாக உயர்ந்தது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. ஐந்து பிள்ளை வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது. ஆறாவது பிள்ளை பெறுகிறவளுக்கு விடுப்பு உண்டு, சட்டப்படி அதற்குச் சம்பளம் கேட்க வழியில்லை.

இருபது ஆண்டுக்குள் ஒரே அரசாங்கம் “குறைத்துப் பெறு” என்றும் “நிறையப் பெறு” என்றும் சொன்னது. இந்த இரண்டு கட்டளைகளையும் கேட்டவர்கள் பெண்கள், கட்டளையிட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மக்கள்தொகை எண்ணுக்காகக் கருத்தடையைத் தள்ளுவதும், மக்கள்தொகை எண்ணுக்காகக் கருத்தடையைத் தடுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பது என் எண்ணம்.

இனி சமயங்கள் சொல்வதைப் பார்ப்போம். இஸ்லாத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு: அவர்களுக்குக் கருத்தடையே ஆகாது என்று. உண்மை அதுவல்ல. தேசிய ஃபத்வா குழுவின் நிலை இப்படி: ஆணுக்கோ பெண்ணுக்கோ நிரந்தர மலடாக்கும் சிகிச்சை கூடாது. உடல்நலம், கல்வி, குடும்ப நலன் கருதிப் பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி விடுவது, அதற்கேற்ற தற்காலிக முறைகளைக் கையாள்வது கூடும். அதாவது மாத்திரைக்கும் ஊசிக்கும் இடம் உண்டு. குழாய் கட்டும் அறுவைக்குத்தான் தடை, உயிருக்கு ஆபத்து போன்ற காரணம் இருந்தால் தவிர.

கத்தோலிக்கர்களின் நிலை இதைவிடக் கடினமானது. 1968 ஜூலையில் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட ‘ஹுமானே விட்டே’ சுற்றறிக்கை, செயற்கைக் கருத்தடை முழுவதையும் மறுத்தது. அதற்கு முன் திருச்சபையே அமைத்த ஆய்வுக் குழுவின் பெரும்பான்மையினர் மாற்றத்துக்கு ஆதரவாக இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பினாங்கு மறைமாவட்டத்துக்குள் அடங்கும் கெடாவில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. இயற்கை முறையை மட்டும் கடைப்பிடிக்கும் தம்பதியரும் அவர்களில் உண்டு, கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது அவர்களுக்கும் அவர்கள் கடவுளுக்கும் இடையிலான விஷயம்.

இந்துக்களுக்கு இதில் ஒற்றைக் கட்டளை எதுவும் இல்லை. தடை சொல்ல ஒரு பீடம் இல்லை, அனுமதி தரவும் ஒரு பீடம் இல்லை. ஆனால் கட்டளை இல்லாத இடத்தில் வழக்கம் ஆட்சி செய்யும். ஆண் பிள்ளைக்கான வேண்டுதல், கோவில் மரத்தில் கட்டும் தொட்டில், கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற பேச்சு, இவை ஃபத்வாவைவிட வலுவாகப் பல பெண்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. இதைத் தமிழில் முதலில் உரக்கச் சொன்னவர் பெரியார். குடும்ப வறுமைக்காகவும் நாட்டின் மக்கள்தொகைக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையைப் பரிந்துரைத்த காலத்தில், பெண் விடுதலைக்காக அது வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவருடைய ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அதற்கென்று ஒரு கட்டுரையே உண்டு. 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து பேசிய பிறகு இங்கேயும் சீர்திருத்தச் சங்கங்கள் அந்தக் கருத்துகளைப் பரப்பின. அவருடைய நாத்திகத்தை ஏற்காத ஒருவர்கூட, காரணத்தைப் பெண்ணின் பக்கத்திலிருந்து தேடியவர் அவர் என்பதை மறுக்க முடியாது.

இவ்வளவு வேறுபட்ட நிலைகள் ஒரே ஊரில், ஒரே கிளினிக் வரிசையில் நிற்கின்றன. சட்டம் இவற்றை எப்படிச் சேர்த்து வைக்கிறது? கூட்டரசு அரசமைப்பின் 11-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்ற உரிமை தருகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வேறொரு சமயத்தின் காரியங்களுக்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. ஹாபி லாபி வாதத்துக்கு நம் அரசமைப்பில் மிக அருகில் வருவது இந்த வரிதான். ஆனால் பொதுச் சுகாதார நிதி எந்தச் சமயத்தின் காரியத்துக்கும் ஒதுக்கப்பட்டதல்ல. கருத்தடையை ஏற்காத ஒரு கத்தோலிக்கர் கட்டும் வரியில் மாத்திரை வாங்கப்பட்டால் இந்த உட்பிரிவு மீறப்படுவதில்லை, புலால் உண்ணாத ஒருவரின் வரியில் கால்நடைத் துறை நடப்பதைப் போல. ஐந்தாம் உட்பிரிவு இன்னும் வெளிப்படை: பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய பொதுச் சட்டங்களுக்கு மாறான செயலை இந்தச் சமய உரிமை அனுமதிக்காது.

நீதிமன்றங்களும் ஒரு வழி காட்டியிருக்கின்றன. 1988-இல் சே ஒமார் என்பவரின் வழக்கில், 3-ஆம் பிரிவில் இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்று இருந்தாலும் நாட்டின் பொதுச் சட்டம் சமயச் சார்பற்றது என்றது உச்ச நீதிமன்றம். 2006-இல், பள்ளியில் தலைப்பாகை அணிவது தொடர்பான வழக்கில், ஒரு வழக்கம் அந்தச் சமயத்தில் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பார்க்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஃபத்வா என்பது மாநிலத்தில் அரசிதழில் வெளியான பிறகே சட்ட வலுப் பெறும், அப்போதும் முஸ்லிம்களை மட்டுமே கட்டும். குருணில் வாழும் ஓர் இந்துப் பெண்ணோ கிறிஸ்தவப் பெண்ணோ குழாய் கட்டிக்கொள்ள விரும்பினால், எந்தச் சமயத் தீர்ப்பும் சட்டப்படி அவள் வழியில் நிற்க முடியாது.

சட்டப்படி, என்று அழுத்திச் சொல்கிறேன். நடைமுறை வேறு. குழாய் கட்டக் கணவனின் கையெழுத்தைக் கேட்பது நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன வழக்கம். கணவன் விட்டுவிட்டுப் போன பெண் யாரிடம் போய் கையெழுத்து வாங்குவாள்? மணமாகாத பெண் கருத்தடை கேட்டால், மருந்துக்கு முன்னால் அறிவுரை வரும். பல இடங்களில் அறிவுரை மட்டுமே வரும். ஐந்தாறு பிள்ளை பெற்று, இரத்தச்சோகையோடு, கர்ப்பகாலப் பதிவேட்டில் அபாய நிற அடையாளம் ஒட்டப்பட்ட பெண்ணுக்குக்கூட, “வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்” என்ற ஒரு வாக்கியம் ஒரு வருடத்தைத் தள்ளிப்போட்டுவிடும். முகப்பில் இருக்கும் தாதியான மிஸிக்கோ மருத்துவருக்கோ சொந்த நம்பிக்கை இருக்கலாம். தாமே செய்ய மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள அவர்களை அனுமதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒதுங்கும்போது, செய்யத் தயாராக இருக்கும் இன்னொருவரிடம் அதே நாளில் அனுப்பிவைக்கும் கடமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டின் மக்கள்தொகை, குடும்ப ஆய்வுப்படி மலேசியாவில் மணமான பெண்களில் 52.2 விழுக்காட்டினர் ஏதாவதொரு கருத்தடை முறையைக் கையாண்டார்கள், நவீன முறைகளைக் கையாண்டவர்கள் 34.3 விழுக்காட்டினர்தான். மருந்து கிளினிக்கில் இருந்தும் இவ்வளவு இடைவெளி இருக்கிறது.

இன்று குருண் வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கு நகர்ந்து, உரத் தொழிற்சாலை, கார் இணைக்கும் தொழிற்சாலை, சுங்கை பட்டாணித் தொழிற்பேட்டை என்று வேலை தேடிப் போய்விட்டன. தோட்டத்தில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கென்று 2011-இல் ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டமே வந்தது. ஆனால் வெளிநாட்டுப் பெண் தொழிலாளி மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் வேலை அனுமதி போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பிள்ளை பெறவே கூடாது என்று சட்டம் சொல்லும் ஒருத்திக்கு, பிள்ளை பெறாமலிருக்க உதவும் மருந்தை யார் தருகிறார்கள்? நம் பாட்டிமார் லயத்தில் அனுபவித்ததை இன்னொரு மொழி பேசும் பெண் அதே லயத்தில் அனுபவிப்பதை நாம் பார்க்காமல் இருக்கக்கூடாது.

அண்டை நாடுகள் என்ன செய்திருக்கின்றன? இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடு. அங்கும் உலமா பேரவை நிரந்தர முறைகளை மறுத்திருக்கிறது. ஆனாலும் 2014-இல் தொடங்கிய தேசியச் சுகாதாரக் காப்புறுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை அடக்கம். பிலிப்பீன்ஸ் கத்தோலிக்க நாடு. அங்கே 2012-இல் இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியபோது திருச்சபை கடுமையாக எதிர்த்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்று சொல்லி, எட்டு விதிகளை மட்டும் நீக்கியது. மனசாட்சி காரணமாக மறுக்கும் மருத்துவரைத் தண்டிக்கும் விதி நீங்கியது, அது சரி. வாழ்க்கைத்துணையின் சம்மதம் இல்லாமலே சிகிச்சை பெறும் உரிமையும் நீங்கியது, அது சரியல்ல. ஆனால் அங்கே அரசாங்கக் காப்புறுதியான ஃபில்ஹெல்த் குழாய் கட்டும் செலவையும் கருப்பைச் சாதனம் பொருத்தும் செலவையும் ஏற்கிறது. போப்பின் பேச்சைக் கேட்கும் நாடே இதைச் செய்ய முடிகிறதென்றால், சமயம் தடுக்கிறது என்று நாம் சொல்ல முடியாது.

இந்தியாவில் ஆலைத் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்புறுதி, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் பெண்ணுக்கு 14 நாளும் ஆணுக்கு 7 நாளும் முழுச் சம்பளம் தருகிறது. எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. அதே இந்தியாதான் அவசரநிலைக் காலத்தில், 1976-இல், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை செய்தது. ஏழைகளும் முஸ்லிம்களும் தலித்துகளும் அதில் பட்ட அவமானத்தை அந்தச் சமூகங்கள் இன்னும் மறக்கவில்லை. இலங்கையிலோ கருத்தடை ஓர் இனப்பகை ஆயுதமாகவே ஆகிவிட்டது: 2018 பிப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற புரளியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கமும் பெரும்பான்மையும் தங்களைக் குறைக்கப் பார்க்கின்றன என்ற அச்சம் சிறுபான்மையினருக்கு எங்கும் உண்டு, பெரும்பான்மையினருக்கும் அந்த அச்சம் ஊட்டப்படுவதுண்டு. அதற்கு மருந்து, கட்டாயம் எந்தத் திசையிலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. காப்புறுதியில் கருத்தடை இருக்க வேண்டும் என்று நான் கேட்கும்போது, எடுத்தே ஆக வேண்டும் என்ற பொருள் அதில் துளியும் இல்லை.

மலேசிய இந்தியப் பெண்களின் சராசரிப் பிள்ளைப்பேறு இன்று ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கிறது. இனம் சுருங்குகிறது, ஆகவே கருத்தடைப் பேச்சே வேண்டாம் என்று நம்மிடையே சில பெரியவர்கள் மேடைகளில் சொல்கிறார்கள். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் குறைந்தது மாத்திரையால் மட்டுமல்ல. வீட்டு விலை, இரண்டு பேரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வாழ்க்கை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, இவை எல்லாம் சேர்ந்துதான். தோட்டத்தில் பேருக்காவது ஆயாக் கொட்டகை இருந்தது. தாமானில் அதுகூட இல்லை. இனம் பெருக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் ஒரு பிள்ளைக் காப்பகத்தைக் கட்டட்டும்.

வரப்போகும் காப்புறுதியில் நான் அஞ்சுவது இதுதான். தனியார் மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். கர்ப்பம், பிரசவம், கருத்தடை, மலட்டுத்தன்மைச் சிகிச்சை ஆகியவை விலக்குப் பட்டியலில் வழக்கமாக ஒரே மூச்சில் வரும். அடிப்படைத் திட்டம் அந்தப் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டால், கருத்தடை யாருடைய தீய எண்ணமும் இல்லாமலே வெளியே போய்விடும். அடுத்தது தக்காஃபுல். தக்காஃபுல் திட்டங்கள் ஷரியா ஆலோசனைக் குழுக்களின் மேற்பார்வையில் நடப்பவை, அது அவற்றின் இயல்பு, முஸ்லிம் சந்தாதாரர்கள் அதை விரும்பியே சேர்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் சேரலாம், பலர் சேர்ந்திருக்கிறார்கள். அடிப்படைத் திட்டத்தின் பயன்பட்டியல் காப்புறுதிக்கும் தக்காஃபுலுக்கும் ஒன்றாகவே வகுக்கப்பட்டால், நிரந்தர முறைகளைப் பற்றிய ஃபத்வா யாரும் அறிவிக்காமலே எல்லாச் சமயத்தாருக்கும் விதியாகிவிடக்கூடும். அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்காமலிருக்க வேண்டுமானால் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். பட்டியல் அச்சான பிறகு கேட்டால், அமெரிக்காவைப் போல நீதிமன்றப் படிதான் மிச்சம்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. தற்காலிக முறைகளும் நிரந்தர முறைகளும் அடிப்படைப் பயன்பட்டியலில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். நிரந்தர முறையைத் தம் சமயப்படி விரும்பாதவர் பயன்படுத்தாமல் இருந்துகொள்ளலாம், அவருக்காக மற்றவருக்கு அடைக்கக்கூடாது. முதலாளி சந்தா கட்டினாலும், எந்தப் பெண் என்ன சேவை பெற்றாள் என்ற விவரம் முதலாளிக்குப் போகக்கூடாது. டிரெசர் அறையின் பெஞ்சு கணினிக்குள் திரும்பி வந்துவிடக்கூடாது. கணவனின் கையெழுத்து சட்டம் கேட்காத இடத்தில் மருத்துவமனையும் கேட்கக்கூடாது. காப்புறுதி வந்தாலும் ஒரு வெள்ளி கிளினிக்கின் குடும்பத் திட்டப் பிரிவு மூடப்படக்கூடாது, ஏனென்றால் சந்தா கட்ட முடியாதவளுக்கும் கணவனுக்குத் தெரியாமல் வருகிறவளுக்கும் அதுதான் கடைசிக் கதவு.

மலேசிய இந்து சங்கம், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், தேவாலயங்களின் சமூக நலக் குழுக்கள், முஸ்லிம் மகளிர் அமைப்புகள் ஆகியவை இந்த ஒரு விஷயத்தில் கூடிப் பேச முடியும். கோட்பாட்டில் ஒத்துப்போக வேண்டியதில்லை, யாரும் யார்மீதும் திணிக்கக்கூடாது என்பதில் ஒத்துப்போனால் போதும். குருண், பீடோங், சுங்கை பட்டாணி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அடுத்த முறை போகும்போது, குடிநீர், சாலை, உதவித்தொகை மனுக்களோடு, அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் கருத்தடை உண்டா இல்லையா என்ற கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.